கைட்சர்ஃபிங்: 58, 76, 96 கிலோ, மூன்று பேருக்கும் என்ன கைட், என்ன போர்டு, என்ன பார் (கைப்பிடிக் கம்பி)?

#1 பிடோக்_கடலோரம்
எல்லாருக்கும் வணக்கம். கைட்சர்ஃபிங்குக்கு, அதாவது கைட் எனும் பெரிய காற்றாடி இழுக்க, போர்டில் நின்று கடலில் ஓடுவதற்கு, மூன்று பேர் சேர்ந்து புதுச் சாமான் வாங்கப் பார்க்கிறோம். பெரும்பாலும் சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட்தான், வருஷத்தில் ஓரிரு தடவை மலேசியாவின் டெசாரு அல்லது இந்தோனேசியாவின் பிந்தான்.

அ: 58 கிலோ, பெண். பயிற்சி முடித்தாயிற்று, வாட்டர் ஸ்டார்ட் (தண்ணீரிலிருந்து போர்டில் எழுவது) வருகிறது, அப்விண்ட் (காற்று வரும் பக்கமாக ஏறிப் போவது) இன்னும் வரவில்லை.
ஆ: 76 கிலோ. அப்விண்ட் போவார், குதிக்க ஆசை, அடுத்து ஃபாயில் (தண்ணீருக்கு அடியில் இறக்கை உள்ள போர்டு).
இ: 96 கிலோ. குதிக்கிற எண்ணமே இல்லை. காற்று கொஞ்சமாக இருந்தாலும் நகர வேண்டும், அவ்வளவுதான்.

மூவரும் ஒரே 12 மீட்டர் (சதுர மீட்டர் பரப்பு) கைட்டைப் பகிர்ந்துகொள்ள முடியுமா? இந்த வருஷத்து மாடலுக்குப் பணம் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறதா?

#2 வாடைக்காற்று
பகிர முடியாது. கணக்கைப் பாருங்கள்: எடையை 2.2ஆல் பெருக்கி, நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) கணக்கில் காற்றின் வேகத்தால் வகுத்தால், ட்வின்டிப் (இரு பக்கமும் ஓடும் சாதாரண) போர்டுக்குத் தேவையான கைட் அளவு சுமாராக வரும். நம் ஊரில் நல்ல நாள் என்று 13 நாட் வைத்துக்கொள்வோம்.

அ: 58 × 2.2 ÷ 13 = 9.8
ஆ: 76 × 2.2 ÷ 13 = 12.9
இ: 96 × 2.2 ÷ 13 = 16.2

12 மீட்டர் கைட்டில் 'இ' தண்ணீரில் உட்கார்ந்திருப்பார். அதே கைட்டில் 'அ' கரையை விட்டு இழுபட்டுப் போவார். 'ஆ'வுக்கு மட்டும் கிட்டத்தட்டச் சரி.

இன்னொன்று, இணையத்தில் வரும் பரிந்துரைகள் பெரும்பாலும் 18 முதல் 25 நாட் வரை அடிக்கும் ஊர்களை மனதில் வைத்து எழுதியவை. அங்கே 9 மீட்டர்தான் அன்றாட கைட். இங்கே வடகிழக்குப் பருவத்தில், அதிலும் ஜனவரிக் கடைசி முதல் மார்ச் தொடக்கம் வரை, மழை குறைந்து காற்று நிற்காமல் வரும்போதுதான் உருப்படியாக ஓட்டலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவத்திலும் நாள் கிடைக்கும். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் காற்று இன்ன திசை என்றே சொல்ல முடியாது. ஆகவே 7, 9, 12 என்று செட் வாங்கும் பழக்கம் இங்கே செல்லாது. முதல் கைட் பெரிதாக இருக்கட்டும். சின்னதை வியட்நாமின் மூய் நே, இலங்கையின் கல்பிட்டி என்று போகிற காலத்தில் யோசிக்கலாம்.

#3 மரீன்பரேட்_முரு
வாடை அண்ணே சொன்ன கணக்கு சரி, ஆனா பாதிதான். அதுல போர்டே இல்லையே. கைட்டைப் பெருசாக்குறதுக்கு முன்னாடி போர்டைப் பெருசாக்குங்க. செலவும் குறைச்சல், ஆபத்தும் குறைச்சல்.

'இ'க்கு 160 × 45 சென்டிமீட்டர் அளவுல, ராக்கர் கம்மியான லைட்விண்ட் போர்டு. ராக்கர்னா போர்டைப் பக்கவாட்டுல பாத்தா தெரியுற வளைவு. வளைவு குறைஞ்சா சீக்கிரம் பிளேன் ஆகும் (தண்ணி மேல ஏறி வழுக்கும்), அப்விண்ட் நல்லா ஏறும். அதுக்கு விலை என்னன்னா, சின்ன அலையில முகத்துல தண்ணி அடிக்கும், குதிச்சு இறங்கினா முழங்கால் வலிக்கும். குதிக்காதவருக்கு அது பிரச்சினையே இல்ல. அந்தப் போர்டு இருந்தா 16, 17 மீட்டர் கைட் வேண்டியதில்ல, 14லயே ஓடிடும்.

'அ'வுக்கு 138 × 41. எடைக்குக் கொஞ்சம் பெருசுதான், தெரிஞ்சேதான் சொல்றேன். அப்விண்ட் வராததுக்குக் காரணம் முக்கால்வாசி நேரம் போர்டு சின்னதா இருக்கிறதுதான். வேகம் வராம கைட்டை மேலும் கீழும் ஆட்டிக்கிட்டே காத்தோட கீழ போயிடுவாங்க.

'ஆ'வுக்கு 140 × 42, நடுத்தர ராக்கர், ரொம்ப விறைப்பில்லாதது. உள்ளே மரம் வச்ச போர்டு போதும். முழுக் கார்பன் போர்டு தண்ணியை நல்லா கடிச்சுப் பிடிக்கும், ஆனா நம்ம கடல்ல வர்ற குட்டி குட்டிச் சலசலப்புல கால் ஆடிப்போகும்.

போர்டுக்கு அடியில இருக்குற நாலு ஃபின்னும் (துடுப்பு) 4 அல்லது 5 சென்டிமீட்டர்ல இருக்கட்டும். பெருசு வச்சா ஆழமில்லாத இடத்துல மணலைத் தட்டும்.

#4 பிடோக்_கடலோரம்
நன்றி. அப்போ 10, 12 அல்லது 13, 14 என்று மூன்று கைட். இதில் ஒற்றை ஸ்ட்ரட், மூன்று ஸ்ட்ரட், ஐந்து ஸ்ட்ரட் என்று கடைக்காரர் குழப்புகிறார். அலூலா என்று ஒரு துணி வேறு. விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது.

#5 தெம்பனிஸ்_தேவி
ஸ்ட்ரட் என்பது கைட்டின் குறுக்கே போகும் காற்றுக் குழாய். எண்ணிக்கை கூடினால் துணி படபடக்காமல் வடிவம் நிற்கும், எடையும் ஏறும்.

ஐந்து ஸ்ட்ரட்: கோர் எக்ஸ்ஆர் மாதிரி. வேகமான, முட்டி முட்டி வரும் காற்றிலும் நிலையாக நிற்கும். உயரக் குதிப்பவர்களுக்கு நல்லது. நம் 11 நாட் காற்றில் அதே கைட் வானத்திலிருந்து இலை மாதிரி சரியும்.

மூன்று ஸ்ட்ரட்: எஃப்-ஒன் பேண்டிட், நைஷ் பிவட், கோர் நெக்ஸஸ். எல்லாவற்றுக்கும் ஓரளவு ஒத்துவரும். 'அ', 'ஆ' இருவருக்கும் இதுதான்.

ஒற்றை ஸ்ட்ரட்: ஓசோன் ஆல்ஃபா, எஃப்-ஒன் பிரீஸ். எடை குறைவு, மெல்லிய காற்றிலும் மிதக்கும், தண்ணீரில் விழுந்தால் எளிதாக எழும். காற்று ஏறினால் பின்விளிம்பு படபடவென்று அடிக்கும், பாரை வெளியே விட்டாலும் இழுவை முழுதாக இறங்காது. 'இ'க்கும், பிறகு ஃபாயிலுக்குப் போகும் 'ஆ'வுக்கும் பொருத்தம்.

அலூலா என்பது லீடிங் எட்ஜிலும் (கைட்டின் முன்விளிம்புக் குழாய்) ஸ்ட்ரட்டிலும் வழக்கமான டேக்ரான் துணிக்குப் பதில் போடும் துணி. டேக்ரானைவிட எடை குறைவு, விறைப்பு அதிகம். கைட் பெரிதாக இருந்து காற்று மெல்லியதாக இருக்கும்போதுதான் அந்த எடைக் குறைவு கையில் தெரியும். அப்படிப் பார்த்தால் நம் ஊருக்குப் பொருத்தம்தான். ஆனால் 'அ' இன்னும் கைட்டைத் தண்ணீரில் மூக்குக் குத்த அடிக்கும் நிலையில் இருக்கிறார். அந்தக் கட்டத்தில் விலை உயர்ந்த துணி வேண்டாம். 'இ' வேண்டுமானால் யோசிக்கலாம், கட்டாயமில்லை.

இந்த வருஷ மாடலா, போன வருஷ மாடலா என்றால், பெட்டி பிரிக்காத போன வருஷ மாடலை எடுங்கள். பல நேரம் மாறியிருப்பது நிறமும் ஒட்டுத்துணியும்தான். மிச்சமாகும் பணத்தைப் பாரில் போடுங்கள். பாரில் மட்டும் பழசு வேண்டாம்.

#6 சிராங்கூன்_சுழல்
இடையில் ஒரு கேள்வி. நம் சிங்கப்பூர் வீரர் மேக்ஸ் மேடர் பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் கைட் பந்தயத்தில் வெண்கலம் வாங்கினாரே, அந்த மாதிரி காற்றடிக்காத ஃபாயில் கைட் (தண்ணீருக்கு அடியில் போகும் ஃபாயில் வேறு) நம் மெல்லிய காற்றுக்கு இன்னும் நல்லதில்லையா? பம்பும் வேண்டாமே.

#7 வாடைக்காற்று
அது ஃபார்முலா கைட் என்ற ஒலிம்பிக் பிரிவின் பந்தயச் சாமான். துணி அறைகளுக்குள் காற்று புகுந்து வடிவம் எடுக்கும். மெல்லிய காற்றில் அதை அடிக்க ஒன்றும் இல்லை, உண்மைதான். ஆனால் தண்ணீரில் விழுந்து கொஞ்ச நேரம் கிடந்தால் அறைகளுக்குள் தண்ணீர் போய்விடும், பிறகு எழாது. காற்றடைத்த கைட் என்றால் அதையே மிதவையாகப் பிடித்துக் கரைக்கு வரலாம், இதில் அது முடியாது. கைட்டின் அடியில் பிரைடில் என்ற மெல்லிய கயிறுகள் ஏராளம், ஒன்று சிக்கினாலும் பிரித்துக் கட்டுவதற்குள் காற்று போய்விடும். இந்த மூவரில் யாருக்கும் இப்போது வேண்டாம். 9 ஆகஸ்ட் அன்று மார்சேயில் மேடர் ஓட்டியதைப் பார்த்து ஆசைப்படுவது சரி, வண்டியில் ஏற்றுவது வேறு.

#8 லைன்_முடிச்சு
பாரைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை. நான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

அகலம்: 7 முதல் 10 மீட்டர் கைட்டுக்கு 45 சென்டிமீட்டர், 12க்கு மேல் 50 முதல் 55. பெரிய கைட்டில் குறுகிய பாரைப் போட்டால் கைட் திரும்பவே திரும்பாது, சோம்பலாகக் கிடக்கும். நுனியில் அகலத்தை மாற்றும் வசதியுள்ள பார் வாங்கினால் 'அ'வும் 'ஆ'வும் பகிரலாம். இதுதான் உங்களால் பகிர முடிகிற ஒரே சாமான்.

லைன் (பாரையும் கைட்டையும் இணைக்கும் கயிறு) நீளம்: 22 அல்லது 24 மீட்டர். மெல்லிய காற்றில் 2 மீட்டர் நீட்டிப்பு சேர்த்தால் கைட் சுற்றிவரும் வட்டம் பெரிதாகி, இழுவை கூடும். ஃபாயிலுக்குப் போன பிறகு சின்ன கைட் சட்டென்று திரும்ப 20 மீட்டரும் போதும்.

க்விக் ரிலீஸ் (ஆபத்தில் கைட்டை விடுவிக்கும் பிடி): ஐ.எஸ்.ஓ 21853 என்று ஒரு தரம் 2020ல் வந்தது. கைட் ரிலீசுக்கென்றே எழுதியது, இழுவை ஏறியிருக்கும்போதும் கையால் தள்ளி விடுவிக்க முடிகிறதா என்று சோதிப்பது. அந்த எண் கையேட்டில் இருக்கிறதா பாருங்கள். பழைய பாரை மலிவாக வாங்காதீர்கள் என்று தேவி சொன்னதற்குக் காரணமும் இதுதான்.

புதுப் பாராகவே இருந்தாலும் பத்துப் பன்னிரண்டு தடவை ஓட்டியதும் லைனை அளந்துவிடுங்கள். முன் லைன்கள்தான் அதிகச் சுமை தாங்கும், அவைதான் முதலில் நீளும். அளக்கும் முறை:

நான்கு லைன் நுனிகளையும் ஒரே கம்பியில் மாட்டுங்கள். சைக்கிள் பாதைக்குக் குறுக்கே வேண்டாம். ட்ரிம்மை (முன் லைன் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டை) முழுதாக வெளியே விடுங்கள், அதாவது முழுப் பவர். ஹார்னஸ் (இடுப்புக் கச்சை) கொக்கியில் பாரின் சிக்கன் லூப் வளையத்தை மாட்டி, பாரை அடிவரை இழுத்து, பின்னால் சாய்ந்து நில்லுங்கள். பெரும்பாலான பார்களில் இந்த நிலையில் நான்கும் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும், பாரும் நேராக நிற்க வேண்டும்.

முன் லைன் தொய்ந்து பின் லைன் இறுகியிருந்தால், கைட் எப்போதும் பாரை இழுத்துப் பிடித்த மாதிரியே பறக்கும். காற்று மெல்லியதாகும்போது பின்பக்கமாகச் சரிந்து விழும். நம் ஊரில் "இந்த கைட் சரியில்ல" என்று விற்றுவிடுகிறார்களே, அதில் நிறைய கைட்டுக்கு வியாதி இதுதான். மருந்து, பின் லைனை மாட்டும் சின்னக் கயிற்றில் மூன்று நான்கு முடிச்சு இருக்கும், அதில் ஒரு முடிச்சு வெளியே தள்ளி மாட்டுவது. இரண்டு பக்கமும் ஒரே எண் முடிச்சு.

மாறாகப் பின் லைன் தொய்ந்திருந்தால் கைட்டில் உயிரே இருக்காது, பாரைத் திருப்பினாலும் தாமதமாகக் கேட்கும். ஒரு முடிச்சு உள்ளே.

இடது வலது வித்தியாசம் 2 சென்டிமீட்டருக்கு மேல் போனால் முடிச்சால் சரிக்கட்டாதீர்கள், லைனையே மாற்றுங்கள்.

வேறு நிறுவனத்து பாரை மாட்டுவதாக இருந்தால், முன் லைன் இரண்டாகப் பிரியும் உயரம் கைட்டின் கையேட்டில் சொன்னதோடு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே மாட்டவும். பொருந்தாவிட்டால் கைட்டின் நுனிகள் நிலையில்லாமல் ஆடும்.

#9 மரீன்பரேட்_முரு
முடிச்சு அண்ணே, சேஃப்டி லைன் (ரிலீஸ் பண்ணினதும் கைட்டோட பவரைக் கொல்லுற லைன்) முறுக்கைப் பத்தி சொல்லாம விட்டுட்டீங்க. கைட்டை ஒரே பக்கமா வட்டம் போட விட்டுக்கிட்டே இருந்தா முன் லைன் ரெண்டும் சேஃப்டி லைனைச் சுத்திக்கும். அந்த நிலையில ரிலீஸ் பண்ணினா பார் மேல ஏறாது, கைட் பாதி பவர்ல இழுத்துக்கிட்டே போகும். ஒவ்வொரு தடவை நிக்கும்போதும் ஸ்விவலை (லைன் மாட்டுற இடத்துல சுழலுற மூட்டு) கையால திருப்பி முறுக்கை எடுத்துடணும். அதுல மணல் புகுந்தா சுத்தாது, நல்ல தண்ணியில அலசணும்.

#10 லைன்_முடிச்சு
சரியாகச் சொன்னீர்கள். அலசும்போதே ரிலீசை இரண்டு மூன்று தடவை தள்ளி மாட்டிப் பாருங்கள். மணல் இருந்தால் நறநறவென்று கைக்குத் தெரியும். பாரின் நடு ஓட்டை வழியாகப் போகும் டெப்பவர் (இழுவையைக் குறைக்கும்) கயிற்றின் மேலுறை வெடித்து உள்ளே இழை தெரிந்தால் அன்றோடு அதை மாற்றிவிட வேண்டும்.

#11 தெம்பனிஸ்_தேவி
ஹார்னஸ் பற்றிச் சுருக்கமாக. 'அ'வும் 'இ'யும் கடையில் மாட்டி, கொக்கியில் கயிறு போட்டுத் தொங்கிப் பார்க்காமல் வாங்க வேண்டாம். நாம் வெட்சூட் போடுவதில்லை, மெல்லிய லைக்ராதான். அதனால் குளிர் ஊர் அளவைவிட ஒரு அளவு சின்னதே பல பேருக்குச் சரியாக இருக்கும். முழுதாக இறுக்கிய பிறகும் ஸ்ப்ரெடர் பாரின் (கொக்கி உள்ள குறுக்குத் தகடு) இரு பக்கமும் கொஞ்சம் இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும். மிச்சமில்லை என்றால் ஹார்னஸ் பெரிது, விலா வரை ஏறும். 'இ'க்கு இடுப்பில் நிற்கவில்லை என்றால் சீட் ஹார்னஸ் போடட்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இம்பேக்ட் வெஸ்ட் அடியைத் தாங்கும், ஆனால் அது உயிர்காப்பு உடை ஆகாது. கைட்டுக்கென்று தைத்ததை வாங்குங்கள், கொக்கி இருக்கும் இடத்தில் மெல்லியதாக இருக்கும். லைன் வெட்டும் கத்தி ஹார்னஸில் கைக்கு எட்டும் இடத்தில். போர்டை உடலோடு கட்டும் லீஷ் கயிறு மட்டும் வேண்டவே வேண்டாம், போர்டு திரும்பி வந்து தலையில் அடிக்கும்.

#12 நெட்டைமாஸ்ட்
'ஆ' அடுத்து ஃபாயில் என்று எழுதியிருப்பதால் சொல்கிறேன். இரண்டாவது பெரிய ட்வின்டிப் கைட்டுக்குச் சேர்க்கிற பணத்தை நேராக ஃபாயிலில் போடுங்கள். 76 கிலோவுக்கு 9, 10 நாட் காற்றில் ட்வின்டிப் எழவே எழாது. அதே காற்றில் ஃபாயில் 12 மீட்டரில் ஓடிவிடும். சிங்கப்பூரில் ஓட்டக்கூடிய நாட்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது அது ஒன்றுதான். 'இ'யும் ஒருநாள் இதற்குத்தான் வருவார், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முன் இறக்கை 1000 சதுர சென்டிமீட்டரை ஒட்டி, தடித்த, அகலக் குறைவான வடிவம். மெதுவாகத் தூக்கும், மெதுவாக விடும். மெல்லிய நீள இறக்கை பார்க்க அழகு, ஆனால் வேகம் குறைந்தால் பட்டென்று கைவிடும். மாஸ்ட் (போர்டையும் இறக்கையையும் இணைக்கும் தண்டு) 75 சென்டிமீட்டர். 90 பிறகு வாங்கலாம். இங்கே ஓதம் பெரிதாக ஏறி இறங்கும், பௌர்ணமி அமாவாசையை ஒட்டி 3 மீட்டர் வரை போகும். நீர் வற்றும் நேரத்தில் 90 மாஸ்டோடு வெகுதூரம் நடந்தே போக வேண்டும், திரும்பும்போது இறக்கை மணலில் இடிக்கும். ஓத அட்டவணை பார்க்காமல் ஃபாயிலைக் கட்டாதீர்கள்.

கழற்றி மாட்டும் விஷயம்: போர்டில் மாட்டுவது பெரும்பாலும் எம்8 போல்ட். அலுமினிய மாஸ்டில் ஸ்டெயின்லெஸ் போல்டை அப்படியே முடுக்கி உப்போடு விட்டால் இரண்டும் அரித்து ஒட்டிக்கொள்ளும். பிறகு தலை தேய்ந்து துளையிட்டுத்தான் எடுக்க முடியும். ஒவ்வொரு தடவையும் அரிப்பைத் தடுக்கும் டெஃப்-ஜெல் தடவுங்கள், ஓட்டி முடித்த அன்றே கழற்றி அலசுங்கள். கார்பன் ஃப்யூஸ்லாஜோடு (இறக்கைகளைத் தாங்கும் கிடைத்தண்டு) அலுமினிய மாஸ்ட் சேர்ந்தால் அரிப்பு இன்னும் வேகம்.

#13 பிடோக்_கடலோரம்
நல்ல தகவல். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இதையெல்லாம் எப்படி உலர்த்துவது? தாழ்வாரத்தில் விரித்தால் சிக்கல் இல்லையா?

#14 வாடைக்காற்று
தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும், குடிமைத் தற்காப்புப் படை விதி. கைட்டை விரிக்க அந்த இடம் போதாது. கடற்கரையிலேயே நிழலில் உலர்த்தி மணலை உதறிவிட்டு மடியுங்கள். வீட்டில் பாரும் ஹார்னஸும் மட்டும் குளியலறையில் அலசித் தொங்கவிட்டால் போதும். ஈரத்தோடு பையில் இரண்டு நாள் விட்டால் பூஞ்சை பிடிக்கும், நம் ஈரப்பதத்துக்கு அது கேட்கவே வேண்டாம்.

காற்றடிக்கும் அழுத்தம் கைட்டின் லீடிங் எட்ஜிலேயே அச்சிட்டிருக்கும். பெரிய கைட்டுக்குக் குறைவு, சின்னதுக்கு அதிகம், அதாவது 14 மீட்டருக்கு 6, 7 பி.எஸ்.ஐ என்றால் 7 மீட்டருக்கு 9, 10. உச்சி வெயிலில் முழுதாக அடித்து மணலில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் உள்ளே காற்று விரிந்து பிளாடர் (குழாய்க்குள் இருக்கும் காற்றுப் பை) தையலோரம் வெடிக்கும். இடைவேளை நீளும் என்றால் காற்றை இறக்கிவிடுங்கள்.

வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் கைட்டை வைக்காதீர்கள். வால்வைப் பிளாடரோடு ஒட்டியிருக்கும் பசை இளகி, ஓரம் தூக்கும். அறிகுறி, அரை மணி நேரத்தில் கைட் தொளதொளக்கும். சோப்புத் தண்ணீரை முதலில் வால்வைச் சுற்றித்தான் தடவிப் பார்க்க வேண்டும், ஓட்டை பெரும்பாலும் அங்கேதான். பிளாடரை உருவும் முன் இரு நுனியிலும் நீள நூல் கட்டிக்கொள்ளுங்கள், திரும்ப உள்ளே இழுக்க அதுதான் வழி. பழைய பசையை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கொண்டு முழுக்கத் துடைத்து, புது ஒட்டு வால்வை அழுத்தி, ஒருநாள் கனத்தின் கீழ் வையுங்கள். திரும்பப் போடும்போது டால்கம் பவுடர் தூவினால் முறுக்கில்லாமல் போகும்.

#15 தெம்பனிஸ்_தேவி
சாமானைவிட முக்கியமான ஒன்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா சூறைக்காற்று வரும், பெரும்பாலும் விடியலுக்கு முன்னிருந்து நண்பகலுக்குள். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை வீசும். காற்றின் இழுவை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 12 நாட் காற்றுக்கென்று 14 மீட்டர் கைட்டைப் பிடித்திருப்பவர் மேல் 30 நாட் அடித்தால் இழுவை ஆறு மடங்குக்கு மேல். எந்த டெப்பவரும் அதைத் தாங்காது. மேற்கே கருத்து, அடித்துக்கொண்டிருந்த காற்று சட்டென்று நின்றால் அதைச் சும்மா விடாதீர்கள், அப்போதே இறக்குங்கள். மழை ரேடாரைப் பார்த்துவிட்டே பம்ப் பண்ணுங்கள். இடி கேட்டால் லைனைத் தொடவே வேண்டாம்.

வடகிழக்குக் காற்று ஈஸ்ட் கோஸ்டில் கரையை ஒட்டியோ கொஞ்சம் கடல் பக்கமாகத் தள்ளியோ வரும். மரங்களைத் தாண்டி வருவதால் கரையோரம் குழம்பிக் கிடக்கும். அப்விண்ட் வராத 'அ' அப்படிப்பட்ட நாளில் இறங்க வேண்டாம். எதிரே நங்கூரமிட்ட கப்பல்கள், இரு பக்கமும் பாறை அணைகள்.

அனுமதி விஷயமும் பாருங்கள். விமானத்தளத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள்ளோ 200 அடிக்கு மேலோ காற்றாடி பறக்கவிட விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். 24 மீட்டர் லைன் 200 அடியைத் தொடாது, ஆனால் பூங்காவின் கிழக்குக் கோடி சாங்கி விமான நிலையத்துக்குப் பக்கம். நிற்கும் இடத்தை வரைபடத்தில் அளந்து பாருங்கள்.

#16 பிடோக்_கடலோரம்
அப்படியென்றால் முடிவு இப்படி: 'அ'வுக்கு 10 மீட்டர் மூன்று ஸ்ட்ரட், 138 × 41. 'ஆ'வுக்கு 12 மீட்டர் மூன்று ஸ்ட்ரட், 140 × 42, அடுத்த பருவத்தில் ஃபாயில். 'இ'க்கு 14 மீட்டர் ஒற்றை ஸ்ட்ரட், 160 × 45. பார் இரண்டு, ஒன்று அகலம் மாற்றக்கூடியது. 'ஆ'வுக்கு 13 எடுக்கவா 12 எடுக்கவா என்பது மட்டும் பாக்கி.

#17 நெட்டைமாஸ்ட்
12. ஃபாயிலுக்குப் போன பிறகு 13 பையிலேயே தூங்கும்.

#18 லைன்_முடிச்சு
12க்கு ஓட்டு. ஆனால் பகிரும் பாரில் ஒரு எச்சரிக்கை. 10க்கும் 12க்கும் மாற்றி மாற்றிப் போடும்போது நுனி அகலத்தை இரு பக்கமும் ஒரே அளவில் மாற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பல பார்களில் அகலத்தை மாற்றினால் பின் லைனின் நீளமும் கொஞ்சம் மாறும். ஒரு பக்கம் மறந்துவிட்டால் கைட் எழும்பியதும் அந்தப் பக்கமே சாய்ந்து மணலில் இறங்கும். கைட்டைத் தூக்கச் சொல்லி ஆளுக்குக் கையைக் காட்டும் முன் ஒருமுறை பார்த்தாலே போதும்.

#19 மரீன்பரேட்_முரு
தூக்க ஆள் இல்லேன்னா 14ஐ மட்டும் தனியா தூக்காதீங்க லா. ஈஸ்ட் கோஸ்ட்ல யாராச்சும் இருப்பாங்க, கட்டை விரலைக் காட்டினா வந்து பிடிப்பாங்க.

#20 பிடோக்_கடலோரம்
சரி அண்ணே. சனிக்கிழமை ஹார்னஸ் மாட்டிப் பார்க்கப் போகிறோம். 'இ'க்கு இடுப்பா சீட்டா என்பதை இங்கேயே எழுதுகிறேன்.